கையுறை மாட்டியவன் குனியவில்லை

என் வலது கைக்குப் பக்கவாதம் வந்துகொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, கைபேசி விளையாட்டுக்குள் கையுறை மாட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆள். பந்து அவன் காலடியில் உருண்டது. அவன் குனிந்து எடுக்க நான் கட்டைவிரலால் திரையை அழுத்தினேன். அவன் குனியவில்லை. டாக்டரைப் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், அவன் குனியாததை வைத்தே என் நரம்புக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் வியாதி வருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பயம் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து வைத்துவிடும்.

நான் தென்காசியில் வேன் ஓட்டுகிறேன். சீசன் வந்தால் பாதிப் பகல் ஐந்தருவி வண்டி நிறுத்தும் இடத்தில் கழியும். பத்து நிமிஷத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்து, குளித்து, எண்ணெய் போகவில்லை என்று மறுபடியும் குளித்து, மிளகாய் பஜ்ஜி தின்று, ரம்புட்டான் பழத்தின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி, சொட்டச் சொட்ட என் சீட்டில் உட்காருவார்கள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று கிரிக்கெட் விளையாட்டு ஒன்றைக் கைபேசியில் இறக்கினேன். படத்தில் மட்டை இருந்தது, பந்தும் இருந்தது. திறந்து பார்த்தால் அமெரிக்கக்காரர்கள் ஆடும் பேஸ்பால். மட்டை உலக்கை மாதிரி இருந்தது, ஸ்டம்பைக் காணவில்லை. அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோவதற்குள் எவனோ பந்தை எறிந்தான். உலக்கையால் அதை மேற்குமலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கே அழிப்பது?

அடிப்பதில் ஒரு குறையும் இல்லை. கையில் கையுறை மாட்டிக்கொண்டு பந்து பொறுக்குகிற ஆட்கள்தான் விசித்திரம். பக்கத்தில் நிற்பவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கோ கோடியில் நிற்பவன் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுவது போல ஓடி வருவான். ஒருவன் மதில் சுவரில் முட்டிய பிறகும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். இன்னொருவன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கு எம்பிப் பிடிப்பான், முதுகில் கண் வைத்துத் தைத்தது போல. அதே ஆள் அடுத்த பந்து கணுக்காலை உரசிக்கொண்டு போனாலும் விட்டுவிடுவான். முதலில் நான் சிரித்தேன். பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

ஒரு மத்தியானம் சிரிப்பு நின்றது. கைக்குழந்தை கூடப் பிடித்துவிடக்கூடிய ஒரு மெல்லிய பந்து வந்தது. அழுத்தினேன். கையுறைக்காரன் அசையவில்லை. பந்து தாண்டிப் போனது. அதன் பிறகு வெறும் தரையில் பக்தியோடு குனிந்தான். மறுபடியும் ஆடினேன், மறுபடியும் அப்படியே. திரையைத் துடைத்தேன், விரலைத் துடைத்தேன். நாங்கள் சின்ன வயதில் பந்து பொறுக்கியது வாய்க்கால் ஓரத்துப் பொட்டலில். பந்து தண்ணீரில் விழுந்தால் விட்டவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். கல்லில் பட்டுத் திரும்பியது, மாடு குறுக்கே வந்தது என்ற சாக்கெல்லாம் செல்லாது. பந்து போனால் குற்றம் கையின் மேல். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவனுக்கு விளையாட்டின் மேல் சந்தேகம் வரவில்லை. கை மேல் வந்தது.

சும்மா வரவும் இல்லை. என் அண்ணனும் டிரைவர்தான். டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியதில் ஆரம்பித்து, வலது பக்கம் முழுவதும் விழுந்துபோனவர். அதனால் நான் டீக் கிளாஸைப் பார்க்க ஆரம்பித்தேன். டீ ஆடியது. வண்டி என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தான் ஓட்டையில் நுழைய மறுத்தது. புதுச் சட்டை என்பதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உறங்கி எழுந்தால் கை மரத்திருந்தது. தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தேன். சாட்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து ஏறிக்கொண்டன.

இதில் பயப்படக் காரணம் என் கை மட்டுமாக இருந்தால் நான் பாட்டுக்குப் பயந்துகொண்டு கிடந்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாவட்டத்துத் திருவேங்கடம் ஊரிலிருந்து ஒரு குடும்பத்தைக் கேரளாவுக்குக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் அதற்கு முதல் சோறு ஊட்ட வேண்டும் என்று வேண்டுதல். மலை அடிவாரத்துப் புளியறை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது மரம் ஏற்றிய லாரி எதிரே வரும். அங்கே கை யோசிக்கக் கூடாது. கண் பார்த்ததும் திரும்ப வேண்டும். என் கை அந்தக் கையுறைக்காரனைப் போல லாரி தாண்டிப் போன பிறகு பக்தியோடு திரும்பினால் என்ன ஆகும்?

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஏறுகிற டிரிப்புக்கு முன்னால் யாருக்காவது உடம்பின் மேல் சந்தேகம் இருந்தால், சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். வாங்குகிறவர் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை மறைத்துக்கொண்டு ஓட்டுவார்கள் என்பதால் வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. எத்தனையோ பேரை வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கும். என் விஷயத்தில் அது என் முட்டாள்தனத்தையும் பத்திரமாகப் பொத்தி வைத்தது. எனக்கு அடுத்து வண்டி போடுகிற செங்கோட்டைக்காரரிடம் சாவியை நீட்டினேன். அவரும் என் வயதுதான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று ஏங்கியபடி வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும் வே. ஆனா கேக்குதேன். உமக்கு என்ன செய்யுது?"

ஒன்றுமில்லை, வயிறு சரியில்லை என்றேன். அடுக்களை வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள்.

"வயிறா? மத்தியானம் மூணு தடவ சோறு வாங்கினாவ அண்ணாச்சி. நாலஞ்சு நாளா கையப் பாத்துக்கிட்டேல்லா சாப்பிடுதாவ. என்னமும் கேட்டா மோட்டுவளையப் பாக்காவ."

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அண்ணனில் ஆரம்பித்து, டீக் கிளாஸ், பொத்தான் எல்லாம் கடந்து, கடைசியில் அந்தக் கையுறைக்காரனைச் சொன்னேன்.

"யாரு குனியலன்னீரு?" என்றார் செங்கோட்டைக்காரர்.

"கேமுல. பந்து எடுக்க ஆளு."

"அவன் குனியலன்னா உமக்கு எதுக்குவே வாதம் வருது?"

நான் நரம்பு, மூளை, கட்டைவிரல் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் முகத்துக்கு நேரே ஒரு வெங்காயம் வந்தது. பிடித்துவிட்டேன். என் மனைவி எறிந்திருந்தாள். அது இடது கை, அது செல்லாது என்றேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பிறகு சொல்லாமல் எறிய ஆரம்பித்தாள். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலைக் கட்டு, எவர்சில்வர் டம்ளர். டம்ளர் குறி தப்பிச் செங்கோட்டைக்காரர் மூக்கை நோக்கிப் போனது. மூக்குக்கு முன்னால் வைத்து வலது கையால் பிடித்தேன். அவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போதும் நான் விடவில்லை. வெங்காயம் வேறு, நரம்பு வேறு என்று வாதாடினேன். வியாதி இல்லை என்று மற்றவர்கள் நிரூபித்தால் கோபம் வருகிற மனுஷன் நான். செங்கோட்டைக்காரர் விளையாட்டைத் திறக்கச் சொல்லி, கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். பந்து உருண்டு வந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரலால் திரை உடைகிற மாதிரி அழுத்தினார். கையுறைக்காரன் திரும்பிப் பார்த்தான். பந்து தாண்டிப் போனது. வெறும் தரையில் குனிந்தான். அவர் இன்னும் இரண்டு பந்து ஆடிப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ எனக்கும் வாதமா வே?"

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி ஆடினாள். அவளுக்கு வாய்த்தவன் சுவரில் முட்டி நின்று ஓடிக்கொண்டே இருந்தான், மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். "ரேஷன் கடை வரிசையில நிக்க மாதிரில்லா நிக்கானுவ" என்றாள். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சிரித்து முடித்த பிறகு அவள் முகம் மாறியது. "போன்ல உள்ளவன் பொய்யின்னே வச்சுக்கிடுவோம். ஒங்க அண்ணாச்சி விழுந்தது பொய்யில்லல்லா. காலைல டாக்டர்ட்ட போறோம்" என்றாள். நான் மறுக்கவில்லை. அதுவரை இருக்கட்டும் என்று செங்கோட்டைக்காரர் மேஜைமேல் இருந்த சாவியை மறுபடி எடுத்துக்கொண்டார். இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருவர் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

டாக்டர் தன் விரலை இறுகப் பிடிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். சரியாகத் தொட்டேன். இது எப்படித் தெரிய வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றினார். கையில் ஒன்றுமில்லை, வண்டி ஓட்டலாம், ரத்த அழுத்தம் மட்டும் எல்லையில் நிற்கிறது, ஊறுகாயைக் குறையுங்கள் என்றார். அந்தக் கையுறைக்காரன் இல்லாவிட்டால் அந்த அழுத்தத்தையும் நான் எப்போது பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. அவனுக்கும் ஒரு நன்றி சொல்லி வைக்கிறேன். குனிந்து வாங்கிக்கொள்ள மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செங்கோட்டைக்காரர் வேன் பக்கத்தில் நின்றார். சாவியை என் கையில் கொடுத்தார். பிறகு சுற்றி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீசன் ஞாயிறு, அவர் வண்டிக்கு ஆள் வரிசையில் நிற்கும். கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாச்சு, அதான் என்றார். போகும் வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்காத மாதிரி கடலை கொறித்தார். எஸ் வளைவில் லாரி வந்தது. நான் நினைப்பதற்கு முன்னால் கை திருப்பிவிட்டது. பின்னால் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மலையைப் பார்த்தார்.

கோயிலில் பிள்ளை முதல் வாய்ச் சோற்றைத் துப்பியது, இரண்டாவதை விழுங்கியது. சாயங்காலம் எல்லோரையும் திருவேங்கடத்தில் இறக்கிவிட்டேன். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் பந்து பொறுக்குகிறவர்களை மட்டும் அரைகுறையாகச் செய்திருந்தார்கள். யார் அழுத்தினாலும் பந்து தாண்டிப் போன பிறகுதான் அவர்கள் குனிவார்கள்.