சிங்கப்பூருக்கு முன் கோந்த்வா

கனகவல்லி கோந்த்வாவில் சரசாவின் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜை மேல் செல்போன். வீட்டிலிருந்து கூப்பிட்டால் எடுக்கலாம். அவளாகக் கூப்பிடக் கூடாது. இரண்டு நாளைக்கு அதுதான் பேச்சு.

"ஏண்டி, அந்தப் போனை இப்படி அடைகாக்கறே? அது ஒண்ணும் குஞ்சு பொரிக்காது. வந்து சாப்பிடு," என்றாள் சரசா.

"நீ சாப்பிடு. எனக்கு இறங்காது."

இருவரும் அதே ஊரில் கேம்ப் பகுதியில் ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கனகவல்லியின் வீடும் கேம்ப்பில்தான். அவள் ஓய்வு பெற்ற வருஷமே கணவர் பக்தவத்சலத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு குழறியது. அவை பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. திரும்பாதது விழுங்கும் சக்தி. தண்ணீர், டீ, ரசம் எதுவானாலும் ஒரு பொடியைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். நீர்க்க இருந்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப் போய் ஒரு முறை நிமோனியா வந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

சாப்பிட்டபின் அவர் உடனே படுக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி போட்டபோதுதான் கார் பந்தயம் கனகவல்லியின் கண்ணில் பட்டது. அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். இவள் கண்கொட்டாமல் பார்ப்பாள். சர்ரென்று வந்து நிற்கும் காருக்கு இருபது பேர் பாய்ந்து வந்து நான்கு சக்கரத்தையும் மாற்றிவிடுவார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை, தன் வேலை முடிந்தவன் கையைத் தூக்கிவிட்டு விலகிக்கொள்கிறான். கனத்த உடம்பைக் கட்டிலில் தினமும் புரட்டுகிறவளுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போனது. அப்புறம் ஓட்டுகிறவர்கள் பெயரெல்லாம் தானாக மனதில் ஏறிவிட்டன.

சிங்கப்பூரில் ராத்திரியில் விளக்கு போட்டுத் தெருவிலேயே பந்தயம் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டவள் சரசா. இருவரும் அதுவரை கடல் தாண்டியதில்லை. பாஸ்போர்ட் வந்தது, பந்தயச் சீட்டு வாங்கியாயிற்று, விசாவும் கைக்கு வந்தது. பாக்கி விமான டிக்கெட் மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இதே விலைக்கு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டான்.

நான்கு நாள் அவள் இல்லாமல் வீடு நடக்குமா? பெங்களூரிலிருந்து மகன் கோகுல்நாத் வந்து இருப்பான். ஆனால் அப்பா கெஞ்சினால் அவன் எதையும் கொடுத்துவிடுவான். ஆகவே சாப்பாடும் தண்ணீரும் வைஷாலியின் பொறுப்பு. ஏரவாடாவிலிருந்து வரும் பெண். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். கை சுத்தம், பொறுமைசாலி. கனகவல்லி அவளுக்கு மாவ்ஷி, அதாவது சித்தி. அவரை மராத்தியில் ஆஜோபா என்று தாத்தா முறை வைத்துக் கூப்பிடுவது ஒன்றுதான் பக்தவத்சலத்துக்குப் பொறுக்காது. அவளையே இரண்டு நாள் தங்கவைத்து, வீட்டை அவளிடம் விட்டுப் பார்ப்பது என்று புதன்கிழமை காலை கனகவல்லி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

சாயங்காலம் போன் அடித்தது.

"கனகு, இங்க எல்லாம் ஜோரா நடக்குது. நீ தைரியமா டிக்கெட்டைப் போடு."

நல்ல செய்திதான். ஆனால் பக்தவத்சலத்தின் குரலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது. பாதி நிரம்பிய குடத்தை ஆட்டினாற்போல ஒரு களகளப்பு.

"என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"ஆன்னு இழுத்துச் சொல்லுங்க."

"ஆ..." பாதியில் தொண்டைக்குள் நீர்க்குமிழி உடைந்தது.

"போனை வைஷாலிகிட்ட குடுங்க. இப்பவே."

வைஷாலி மராத்தியில் கடகடவென்று சொன்னாள். "சாதா டீதான் மாவ்ஷி. இனிமே பொடி வேணாம்னு நீங்க போன்ல சொன்னதா ஆஜோபா சொன்னார். அரைக் கப் குடிச்சிட்டார்."

கனகவல்லி கத்தவில்லை. "கப்பை எடு. நேரா உக்கார வை. பலமா இருமச் சொல்லு, விடாதே. தண்ணி குடுக்காதே, படுக்க வைக்காதே. உதட்டைப் பாத்துக்கிட்டே இரு. நீலம் தட்டினா முதல்ல ஆம்புலன்ஸ், அப்புறம்தான் நான். போனை வைக்காதே."

செருப்பை மாட்டியது தெரியவில்லை, படி இறங்கியது தெரியவில்லை. ரிக்ஷா லுல்லாநகர் நாற்சந்தியில் நெரிசலில் சிக்கி நின்றது. காதில் அவர் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணா, கொஞ்சம் சீக்கிரம்."

"மேடம், இது ரிக்ஷா. ஹெலிகாப்டர் வேணும்னா ஏர்போர்ட் போங்க," என்றான் அவன் இந்தியில்.

சட்டென்று போனில் இருமல் நின்றது. இருமலைவிட அந்த நிசப்தம் மோசம்.

"வைஷாலி? ஏய், வைஷாலி!"

"இருக்கேன் மாவ்ஷி. மூச்சு வாங்கிக்கறார். உதடு நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக்குள் நுழைந்தபோது பக்தவத்சலம் முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வைஷாலி துண்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். கனகவல்லி அவர் நெஞ்சில் கையை வைத்து, மூச்சு சீராகும்வரை பார்த்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீ ட்ரையல் பாக்கப் போனே. நானும் ஒண்ணு பாத்தேன். சாதா டீ இறங்கிடுச்சுன்னா நீ நிம்மதியாப் போவே இல்ல?"

"இறங்குச்சு. எங்க இறங்குச்சுன்னுதான் தெரியணும்."

"டீயும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

சரசா போன் செய்தாள். "கேன்சல் பண்ணிடவா?"

"பண்ணாதே. சரின்னும் சொல்லாதே. நுரையீரலுக்குப் போயிருந்தா ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் காட்டிடும்."

வியாழக்கிழமை சாயங்காலம் நெற்றி லேசாகச் சுட்டது. டாக்டருக்குச் சொன்னாள், மூச்சு வாங்கினால் உடனே கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். பந்தயச் சீட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தபடியே அவர் தோளுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை நெற்றி குளிர்ந்திருந்தது. டாக்டர் முதுகில் கருவியை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். நெஞ்சு சுத்தம், இந்தத் தடவை தப்பித்தார் என்றார்.

கனகவல்லி மறுபடி பையை எடுத்தாள்.

"திரும்பவுமா?" என்றார் பக்தவத்சலம்.

"போன பரீட்சையில நீங்க ஃபெயில். அவ இல்ல." வைஷாலியை அருகே அழைத்து, அவர் காதுபடவே சொன்னாள். "என் பேரைச் சொல்லி இவர் எது சொன்னாலும் செல்லாது. கோகுல் சொன்னாலும் செல்லாது. நான் உன் காதுல சொன்னாத்தான். இவர் அழுதாலும் சரி, திட்டினாலும் சரி."

"திட்டுவாரே, மாவ்ஷி."

"திட்டட்டும். திட்டறதுக்கு நுரையீரல் நல்லா வேலை செய்யணும்."

மத்தியானம் கோந்த்வா போய்ச் சேர்ந்தாள். இந்த முறை சரசாவும் கிண்டல் செய்யவில்லை. இருவரும் டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் இரண்டு முறை கூப்பிட்டான். "அரைமணி நேரம் பொறுப்பா," என்று சரசா கெஞ்ச வேண்டியிருந்தது. டீ வேளை தாண்டியது. வெயில் பால்கனியை விட்டு இறங்கியது. போன் அடித்தது.

"கனகு! இவ மனுஷியா, ராட்சசியா? ஒரு வாய் சாதா டீ கேட்டேன், முடியாதுங்கறா. நீ சொன்னேன்னு சொன்னேன், உன் நம்பரைப் போட்டு என் கையில குடுத்துட்டா! கூழைக் கரண்டியால ஊட்டி, பச்சைக் குழந்தை மாதிரி வாயைத் துடைச்சு விடறா. கேக்கறியா?"

கேட்டாள். குரல் காய்ந்து, கரகரத்து, கோபமாக இருந்தது. குமிழி எதுவும் உடையவில்லை. பின்னால் வைஷாலி இன்னொரு வாய் வாங்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன். வாயைத் திறங்க, அவ கரண்டியோட நிக்கறா," என்று சொல்லிப் போனை வைத்தாள் கனகவல்லி.

சரசா ஏஜெண்டைக் கூப்பிட்டாள். பேச்சின் நடுவே போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "உனக்கு ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமான்னு கேக்கறான்."

அதைக் கனகவல்லி இதுவரை யோசித்திருக்கவில்லை.

"ஜன்னல்," என்றாள். "சாப்பாடு ஏதாவது இருக்கா? பசிக்குது."