பத்து நாள் பொறுக்காத பயணம்

மூன்று வருடத்துக்கு முன்பு, கோடை தொடங்கிய நேரம். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்றலில் ஒரு பழைய மோட்டர் ஹோம் வந்து நின்றது. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் இருக்கிற வண்டி. இந்த வயதில் இவர்களுக்கு என்ன வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.

அவளுக்கு நுரையீரலில் வருத்தம். மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும், திரும்பச் சுகம் வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாளின் பெரும்பகுதி மூக்கில் குழாய் மாட்டி, ஒக்சிஜன் மெசினோடு இருக்க வேண்டும். அந்த மெசின் கரண்டில்தான் ஓடும். கடலைப் பார்க்க அவளுக்கு ஆசை. ஆனால் ஹோட்டலுக்கு வர மாட்டாள். மெசின் இரைகிற சத்தத்தில் அடுத்த அறைக்காரருக்கு நித்திரை வராது என்று வெட்கப்பட்டாள். நான் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன், பெரிய வண்டி எனக்குப் புதிதில்லை. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அந்த வண்டியை வாங்கினேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் தம்பிதான் பிள்ளை மாதிரி. தாய் இறந்த பிறகு அவனை வளர்த்ததே அவள்தான். ஜெர்மனியில் எலக்ட்ரீசியனாக இருந்தவன், அக்காவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே லண்டனுக்கு வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியின் பெட்டிகளையெல்லாம் திறந்து பார்த்தான்.

"அத்தான், மற்றதெல்லாம் சரி. ஆனா வோல்டேஜ் கூடிக் குறைஞ்சா உடன கரண்டை வெட்டுற ஒரு கருவி போடவேணும்."

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?"

"அது ஆளுக்கு ஷொக் அடிக்காமப் பாக்கிறது. வோல்டேஜ் ஏறினா அதுக்குத் தெரியாது. கரவன் எண்டு இந்த மாதிரி வண்டியள் நிப்பாட்டுற இடங்களில பழைய வயர். ஒரு நியூட்ரல் வயர் கழண்டாக் காணும், வோல்டேஜ் முன்னூறுக்கு மேல ஏறிப்போடும். அக்கான்ர மெசின் அதிலதானே ஓடப்போகுது?"

அன்றைக்கே ஓடர் கொடுத்தான். சாமான் வரப் பத்து நாளாகும் என்றார்கள்.

அவன் போன பிறகு நான் இணையத்தில் தேடினேன். இப்படி ஒரு கருவி வேண்டுமா, வேண்டாமா என்று ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். வருடக்கணக்காகக் கரவன் வைத்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்றார் ஒருவர். இதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான், இந்த நாட்டுக் கரண்ட் ஒழுங்கானது என்றார் இன்னொருவர். ஒருவர் மட்டும் தன் பிரிட்ஜும் சார்ஜரும் ஒரே நொடியில் கருகியதை எழுதியிருந்தார். நான் எனக்குப் பிடித்த பதில்களை மட்டும் நம்பினேன்.

அந்தக் கிழமை முழுக்க வெயில் என்று வானிலையில் சொன்னார்கள். அடுத்த கிழமை மழை. அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. எந்த விசயத்திலும் தம்பி சொல்வதுதான் அவளுக்குக் கடைசி வார்த்தை. இந்த ஒரு பயணமாவது என்னுடைய ஏற்பாடாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். இந்தக் கிழமையே போவோம் என்று அவளிடம் சொன்னேன்.

"பத்து நாள்தானே, பொறுப்பமே. அவன் சொன்னா ஏதோ இருக்கும்" என்றாள்.

"உன்ர தம்பிக்கு எங்க பாத்தாலும் ஆபத்துத்தான் தெரியும்" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, அவனுக்குச் சொல்லாமலே புறப்பட்டோம். நோர்போக் கரையோரம் ஒரு சின்ன இடம். புல்வெளி, பத்துப் பன்னிரண்டு கரவன்கள், முன்னால் கடல். வண்டியைக் கடலைப் பார்க்க நிறுத்தி, அங்கிருந்த கரண்ட் கம்பத்தில் வயரைக் கொழுவினேன். மெசின் வீட்டில் ஓடுவது போலவே ஓடியது. கதவைத் திறந்துவிட்டதும் அவள் கண் கடலை விட்டு அகலவில்லை. பின்னேரம் வீட்டிலிருந்து கொண்டுபோன இடியப்பத்தையும் சொதியையும் சூடாக்கிக் கொடுத்தேன். பல நாளைக்குப் பிறகு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லையே என்று மனதுக்குள் அவள் தம்பியிடம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். மேசையில் ஒரு சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று அது பேய் பிடித்தது போல இரைந்தது. நான் எழும்புவதற்குள் மெசினின் சத்தமும் மாறியது. உள்ளே 'டப்' என்று ஏதோ வெடித்தது. எரிந்த பிளாஸ்டிக் மணம். மெசின் ஒருதரம் கத்திவிட்டு நின்றுபோனது.

அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு ஒக்சிஜன் சிலிண்டர் தந்திருந்தார்கள். அதைத் திறக்க எனக்குச் சொல்லித்தந்தும் இருந்தார்கள். ஆனால் அந்த நேரம் எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லை. அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மூச்சுக்குத் திணறிக்கொண்டே, விரலால் காற்றில் வட்டம் போட்டு, இந்தப் பக்கம் என்று எனக்குக் காட்டினாள். அப்படியே திருகிக் குழாயை மாட்டினேன்.

பக்கத்துக் கரவனில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், தங்கள் டிவி எரிந்துபோனது, உங்களுக்கும் ஏதாவது நடந்ததா என்று கேட்க வந்தார். எங்களைக் கண்டதும் ஆம்புலன்ஸுக்கு அழைத்தார். அது வரும்வரை அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கம்பத்துக்குள் நியூட்ரல் வயர் கழன்றிருந்தது என்று பிறகு அந்த இடத்துக்காரர் சொன்னார். அவள் தம்பி சொன்ன அதே வார்த்தை.

அங்கிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனுக்கு நான்தான் போன் பண்ணினேன். வேலையைப் போட்டது போட்டபடியே, வேலை உடுப்போடு நேராக வந்தான். கட்டிலடியில் நின்று என்னைப் பார்த்தான்.

"அத்தான், அந்தச் சாமான் வரமுன்னம் ஏன் வெளிக்கிட்டனீங்கள்?"

நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் முகத்து மாஸ்கைக் கையால் தூக்கினாள்.

"நான்தான் தம்பி அவசரப்பட்டனான். அவர் பொறுப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான் கேக்கேல்ல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அதை மறுக்கவில்லை. இல்லை, அது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு அந்த நேரம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவன் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன்.

"நான் போனாப் பிறகு உங்களுக்கு அவனை விட்டா ஆர் இருக்கினம்? உங்களோட கோவிச்சா அவன் வீட்டுப்பக்கம் வரமாட்டான். என்னோட கோவம் நாலு நாளில ஆறிடும்."

ஒரு கிழமைக்குப் பிறகு லண்டனுக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு அவளுக்கு வாசல் வரைக்கும் நடக்கவும் ஏலாமல் போனது. மூன்று மாதத்தில் போய்விட்டாள். அந்தச் சம்பவம் நடக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். உண்மையாகவே சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த மூன்று மாதமும் தம்பி ஞாயிறு தவறாமல் வந்தான். சாமான்கள் வாங்கி வைத்தான், மெசினைச் சரிபார்த்தான், ஆனால் முன்பு போல அவள் பக்கத்தில் இருந்து கதைக்கவில்லை. அக்காவை இந்த நிலையில் பார்க்க அவனால் தாங்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலை அவன் ஒரு பெட்டியோடு வந்தான். அதற்குள் அந்தக் கருவி. வண்டியை விற்கப்போகிறேன் என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். விற்கிற வண்டியானாலும் போட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும், அடுத்தவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்றான். வண்டிக்குள் முழங்காலில் இருந்து அவன் வயர் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா ஆஸ்பத்திரியில அண்டைக்குச் சொன்னது பொய். அவ பொறுப்பம் எண்டுதான் சொன்னவ. கேக்காதது நான்" என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் திரும்பவே இல்லை.

"நான் அக்காவோட கோவமாயிருந்தனான், அத்தான்" என்றான். "இவ்வளவு சொல்லியும் கேக்காமப் போய், தன்னையே அழிச்சுப்போட்டா எண்டு கோவம். மூண்டு மாசம் அவவோட ஒழுங்காக் கதைக்கேல்ல. கடைசிக் கிழமையும் 'கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவன்' எண்டு கேட்டவ. வேலை இருக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

பிறகு அந்த வண்டிக்குள் இருந்து வாய்விட்டு அழுதான். அவனைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. வேலையை முடித்து, எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டுப் போனான். ஏழு மாதம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து கதவைத் தட்டினான். இப்போதும் வருகிறான். இரண்டு பேரும் இருந்து சாப்பிடுகிறோம், அவளைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம்.

வண்டிக்கு அப்படி ஒரு கருவி உண்மையிலேயே வேண்டுமா என்று யாராவது கேட்டால், உங்களோடு வருகிறவர் யார் என்று முதலில் பாருங்கள் என்கிறேன். கருவி இல்லாமல் போனது என் தவறு, அதைத் தவறு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நான் வாய் திறந்திருந்தால், ஒரு தம்பி தன் அக்காவோடு சிரித்துப் பேசியிருக்கக்கூடிய மூன்று மாதம் மிஞ்சியிருக்கும் என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.