சம்பளச் சீட்டில் ஒரு சிக்னல்

சம்பளச் சீட்டு வந்தால் ஹெட்லி துவெய்ட் தொகையை முதலில் பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, வரிக் குறியீட்டு எண்ணைத் தொட்டு, வாய்விட்டுப் படிக்கிறார். ரயில் ஓட்டும்போது சிக்னலையும் அப்படித்தான் படிப்பார். இங்கிலாந்தில் டான்காஸ்டர் ரயில் டிப்போவின் ஓட்டுநர் அறையில் கெட்டில் கொதிக்கும் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்கும்.

"பெருசு ஜெபத்த ஆரம்பிச்சிருச்சுடா," என்பார் சக ஓட்டுநர் கிளைவ்.

"சிக்னலப் பாக்காம வண்டிய எடுப்பியாடா நீ? சம்பளத்துல எதுவரைக்கும் வரி இல்லன்னு அந்த நம்பர்தான் சொல்லுது."

ஹெட்லிக்கு அறுபது நெருங்குகிறது. நெடிய உடம்பு. டீயைக் கறுக்கவிட்டுக் குடிப்பார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரிக்குமுன் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடுவார். "ஒரு துண்டு ரொட்டிக்கு இவ்ளோ நேரமா?" என்று கிளைவ் சீண்டினால், "உனக்கும் சேத்துத்தான் வேண்டுறேன், அதான் நேரமாவுது," என்பார்.

பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டினார். அந்தக் கூலியை அப்படியே தனியாக ஒரு பென்ஷனில் போட்டார். பென்ஷனில் போடும் பணத்துக்கு அங்கே வரி கிடையாது; பிடித்திருந்தால் திரும்ப வாங்கலாம். ஞாயிற்றுக் கூலி சேர்ந்ததால் அவர் சம்பளத்தின் நுனி மட்டும் கூடுதல் விகிதத்தில் பிடிக்கும் மேல்தட்டு வரிக்குள் போனது. பென்ஷன் கம்பெனி அடிப்படை வரியைத்தான் திரும்ப வாங்கி அவர் கணக்கில் சேர்த்தது. அதற்கு மேல் பிடித்த வரியை அவரே கேட்டு வாங்க வேண்டும். அது அவருக்குத் தெரியவில்லை. "கேக்காம வர்றது கர்த்தரோட கிருபை மட்டுந்தான்," என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

போன கோடையில் தெரிந்துகொண்டு கேட்டார். முந்தைய சில வருடங்களுக்கான வரி திரும்பி வந்தது. மேற்கொண்டு கட்டும் பென்ஷனுக்காகக் குறியீட்டு எண்ணும் உயர்ந்ததால் மாதச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாகக் கைக்கு வந்தது. அந்தத் தைரியத்தில்தான் மனைவி ரொவீனாவிடம், "ஏப்ரல்லேர்ந்து ஞாயித்துக்கெழம வேல கெடையாது," என்றார். அத்தனை வருடமும் ரொவீனா ஆலயத்தில் தன் கைப்பையை அவருடைய இடத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவள்.

ஏப்ரலில் புது வரி வருடம் பிறந்தது. ஞாயிறு வேலை நின்றது. தனிப் பென்ஷனுக்குப் பணம் கட்டுவதும் நின்றது. மே மாதச் சீட்டில் விரலை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். எண் அதே உயரத்தில் இருந்தது.

"இது போன வருஷத்து சிக்னல்டா. இன்னும் எறங்கல."

"வாய மூடிட்டு இரு பெருசு! மாசாமாசம் கூட வருதுல்ல?"

"இப்ப கூடுதலா வரும். அடுத்த வருஷம் பின்னாலயே வந்து புடிக்கும். அது என்னோடது இல்லடா."

வரி அலுவலகத்துக்குப் போன் போட்டார். பாட்டு ஓடி முடிந்து மறுபடி ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"நம்பரக் கொறைக்கச் சொல்லியா சார் கூப்டீங்க?"

"ஆமாம்மா. இப்ப அந்தப் பென்ஷன் நான் கட்டல."

ஜூன் சீட்டில் எண் இறங்கியது. சம்பளமும் இறங்கியது. சமையலறையில் ஹெட்லி விவரம் சொன்னார். இந்தக் கோடை விடுமுறைக்கு ஃபைலி கடற்கரையில் தங்க கேரவான் வாடகைக்கு எடுக்க முடியாது. மற்றதையும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"அப்ப மறுபடியும் ஞாயித்துக்கெழம போயிருவியா ஹெட்லி?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது.

அது சனிக்கிழமை மாலை. ஹெட்லி மறுநாள் விருந்துக்கு உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஞாயிறு வண்டிக்கு ஆள் குறைந்தால் டிப்போவிலிருந்து மொய்ரா அழைக்கும் நேரம். இத்தனை வருடத்தில் அந்தப் போனை அவர் அடிக்கவிட்டதே இல்லை.

"மொய்ராவாத்தான் இருக்கும்," என்றாள் ரொவீனா மெதுவாக.

ஹெட்லி தலையைத் தூக்கினார். ஈர விரலை நேராகப் போனை நோக்கி நீட்டினார்.

"சிவப்பு," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தார்.