நாலடி போதும்

புல்லுக்குள் ஒரு காலை விட்டுத் துழாவுகிறார். நிற்கிறார். குனிந்து எதையோ எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அடி வைக்கிறார். கல், கம்பி, உடைந்த மட்டையின் துண்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் அந்தப் பைக்குள் போகும். மைதானம் முழுக்க இப்படி ஒரு நடை நடந்து முடிக்காமல் டிராக்டருக்குப் பின்னால் கத்தி சுழலக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சுழலும் கத்தியில் ஒரு கூழாங்கல் பட்டால் அது எந்த ஜன்னலுக்குப் போகும், எந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆறு வருஷத்தில் எங்கள் விடுதிப் பள்ளியில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. நானும் சொன்னதில்லை. நான் இங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவருக்கு டேப்பக்கா என்று பேர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். பெரிசு, சின்னது, கொஞ்சம், நிறைய என்ற வார்த்தைகளெல்லாம் அவருக்கு ஆகாது. வீட்டில் உப்பு கொஞ்சம் கம்மி என்று கணவர் சொன்னால், "எத்தனை ஸ்பூன் கம்மி?" என்று கேட்பாராம். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் அந்த மனிதர், இவளோடு குடித்தனம் நடத்த நான் இஞ்சினீயருக்குப் படித்திருக்க வேண்டும் என்று என்னிடம் ஒரு தடவை அழாத குறையாகச் சொன்னார்.

பள்ளிப் பதிவேட்டில் டேப்பக்கா துப்புரவுப் பணியாளர். முன்பிருந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். புல் முழங்காலைத் தாண்டியது, விடுதிப் படியில் பாம்பு படுத்திருந்தது, பெற்றோர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். வண்டியைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கின் பின்னாலேயே மூன்று நாள் சுற்றிய டேப்பக்கா, நாலாம் நாள் தானே ஏறி உட்கார்ந்து மைதானத்தை மொட்டையடித்தார். அன்றிலிருந்து காலையில் கழிவறைகள், பதினோரு மணிக்கு மேல் டிராக்டர். பதிவேடு மட்டும் அப்படியே இருந்தது.

டிராக்டர் சின்னது, இருபத்திரண்டு குதிரைச் சக்தி. அதன் பின்னால் மாட்டுகிற சுழல் வெட்டியோ துருப்பிடித்து, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, இனி ஒட்டுப் போட இரும்பே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தது. புதிது வாங்க முடிவானதும் நிர்வாகி டேப்பக்காவைக் கூப்பிட்டார். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன். "எது வாங்கணும்னு நீயே பாத்து எழுதிக் குடும்மா. புது மெஷின் வந்ததும் டிரைவர் வேலைய உன் பேருக்கே போட்டுடறேன்" என்றார். டேப்பக்கா தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு நேராக டிராக்டர் பக்கம் நடந்தார்.

அடுத்த மூன்று வாரம் மனுஷிக்கு வேறு நினைப்பே இல்லை. பின் சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தார். பள்ளித் தோப்பின் பழ மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரிசை வரிசையாக அளந்தார். பதினோரு ஏக்கரிலும் அலைந்து, வெட்ட வேண்டிய செடிகளில் மிகத் தடியானது எதுவென்று தேடினார். அது அவர் கட்டைவிரல் கனம்தான் இருந்தது. விடுமுறை நாட்களில் நாலு கடை ஏறி இறங்கினார். ஒரு கடையில், வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையா என்று கேட்டார்களாம். டிராக்டர் ஓட்டற ஆள்தான் வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த வெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கத்தியின் நீளத்தை அளந்தாராம்.

இவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். நாலடி அகலம் எடுத்தால் சக்கரத் தடம் இரண்டும் உள்ளே அடங்கும், எஞ்சினும் திணறாது. கட்டைவிரல் கனத்துக்கு மேல் எதுவும் இல்லாத இடத்துக்கு லேசான ரகமே தாராளம். சங்கிலித் திரை கட்டாயம் வேண்டும், கல் தெறிக்காமல் இருக்க. டிராக்டரின் சுழற்சியை வெட்டிக்குக் கொண்டுபோகும் தண்டில் ஒரு மெல்லிய போல்ட் உண்டு, அதை மாற்றி யாரும் கெட்டி போல்ட் போடக் கூடாது. "அது உடையறதுக்குன்னே வெச்ச போல்ட்டு சார். கட்டையில மோதினா அது போகும், கியர் பெட்டி தப்பிச்சிடும்" என்றார். அதைவிட முக்கியம் என்று வெட்டியின் எடைக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வைத்தார். "பின்னாடி கனம் கூடிப்போச்சுன்னா முன் சக்கரம் தரைய விட்டுடும். அப்புறம் ஸ்டீயரிங் இருந்தென்ன, இல்லாட்டி என்ன? சரிவுல கவுந்தா எந்திரிக்க ஆள் இருக்காது." கடைசி வரி அவருடையது. நாலடி போதும்.

வந்தது ஆறடி.

பழைய மாணவர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தார். கடையில் இருப்பதிலேயே பெரிதாகப் பாருங்கள் என்றாராம். மேல் தகட்டில் அவர் பேரை மஞ்சள் எழுத்தில் எழுதி, ரிப்பன் வெட்டி, படமெடுத்தார்கள். டேப்பக்காவைக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். நான் எழுதிய இரண்டு பக்கம் கோப்பில் பத்திரமாக இருந்தது. கட்டிய நூலைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

முதல் நாளே விடுதிக்குப் பின்னால் இருக்கும் சரிவில் டேப்பக்கா வெட்டியைத் தூக்கியதும் டிராக்டரின் முன் சக்கரங்கள் எழும்பின. உடனே இறக்கி, வண்டியை நிறுத்திவிட்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார். "இத இந்த வண்டியில மாட்டக் கூடாது சார். முன் சக்கரம் ஏழு இன்ச் எந்திரிக்குது." நிர்வாகி சிரித்தார். புது மெஷின் அப்படித்தான் இருக்கும், பழகினவன் கைக்கு அடங்கும் என்றார். அந்த வாரமே அவருடைய கார் ஓட்டுநர் பேர் பதிவேட்டில் டிராக்டர் ஓட்டுநராக ஏறியது. கொடுத்த வாக்கைப் பற்றி டேப்பக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கு நிர்வாகி வாய் கூசாமல் சொன்னார்: "இந்த மெஷின் வேணாம்னு நீதானேம்மா சொன்ன?"

அப்போதும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். நீங்கள் வாக்குக் கொடுத்ததை நானும் கேட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கும் மாதாமாதம் இங்கேதான் சம்பளம்.

புது ஓட்டுநர் கல் பொறுக்குவதில்லை. அது தன் வேலையில்லை என்கிறார். அதனால் டேப்பக்கா விடிந்ததும் மைதானத்தைச் சுற்றிவிட்டுத்தான் கழிவறைக்குப் போகிறார். யாரும் சொல்லி இதைச் செய்யவில்லை. சரிவுப் பக்கம் மட்டும் புல் வளர்ந்துகொண்டே போனது. புது ஓட்டுநர் அங்கே வண்டியை விடவே பயந்தார்.

போன வாரம் நன்கொடையாளர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நிர்வாகியே எங்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு சரிவுக்கு வந்து நின்று, ஓட்டு என்றார். வெட்டி மேலே போனது, வண்டியின் மூக்கும் கூடவே போனது. புது ஓட்டுநர் முகம் வெளுத்து வெட்டியை இறக்கினார். முன்னால் கனம் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். மணல் மூட்டை இருக்கிறதா என்றால் இல்லை. நிர்வாகி சுற்றுமுற்றும் பார்த்தார். வாளியும் துடைப்பமுமாக டேப்பக்கா அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க வா. இதுல முன்னாடி கொஞ்ச நேரம் ஏறி உக்காரு."

முடியாது என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் இருக்கும் வீடு பள்ளியுடையது. கணவரின் வேலை பள்ளியுடையது. வாளியைக் கீழே வைத்தார். வண்டியின் மூக்கைப் பார்த்தார், பிறகு பின்னால் போய் மஞ்சள் எழுத்துக்களைப் பார்த்தார்.

"இதுக்கு நூறு கிலோவாவது வேணும் சார். நான் அம்பத்திரெண்டுதான்."

டேப்பக்கா பூச்செடிப் பாத்தியின் ஓரத்தில் பதித்திருந்த கல் ஒன்றைப் பெயர்த்தெடுத்துக் கையில் எடை பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த பெரிய கல்லைப் பெயர்த்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டியின் மூக்கில் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார்.