கல்யாண மண்டபத்தில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச்

பதினான்கு வருடம் வளைகுடாவில் இருந்தேன். கட்டடங்களுக்குள் நெட்வொர்க் வயர் இழுக்கிற வேலை. வயரைக் குழாய்க்குள் இழுத்து, நுனியில் பிளக் மாட்டி, சுவரில் இருக்கும் பலகையில் செருகுவதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். அந்த வயர்களையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியைத் தொடுவதற்கு வேறு ஆட்கள் லேப்டாப்போடு வருவார்கள். ஊருக்குத் திரும்பியபோது என்னை 'நெட்வொர்க்கில் இருந்தவன்' என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டுமே.

அக்கா மகள் மகாவுக்குக் கொட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அத்தான் குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் தானும் அதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்த மண்டபத்துக்குள் செல்போனில் பேச்சு கேட்கும், வீடியோ படம் வராது. ஆனால் ஆபீஸ் அறையில் நல்ல இணைய இணைப்பு இருந்தது. அங்கிருந்து வயர் இழுத்து ஒரு சுவிட்ச் வைத்தால் மேடையில் வீடியோக்காரருக்கும், மாடியில் பந்தி நடக்கும் இடத்து டிவிக்கும் இணைப்புக் கொடுத்துவிடலாம்.

"நீ இருக்கும்போ வேற ஆள எதுக்குலே தேடணும்?" என்றாள் அக்கா.

முந்தின நாள் எட்டுத் துளை உள்ள சுவிட்சை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் மாட்டினேன். மகாவின் லேப்டாப்பை வாங்கி, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணை அடித்ததும் சுவிட்சின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன். ஒவ்வொரு துளைக்கும் மேடை, பந்தி, ஆபீஸ் என்று பெயர் எழுதினேன். லூப்பைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டால் எனக்குத் தெரியாதென்பது வெளியே தெரிந்துவிடும். அப்படியே விட்டேன்.

படம் வந்தது. அத்தான் குவைத்திலிருந்து, "வாழக்குல கட்டுகது வரைக்கும் தெரியுதுலே, கொள்ளாம்" என்று மெச்சினார்.

மறுநாள் காலை, முகூர்த்தத்துக்கு முன் படிக்கட்டுக்கு அடியில் கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். தேவைப்படாமல் சுருட்டி வைத்திருந்த ஒரு வயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் எங்கள் ஃபோர்மேனுக்குத் தொங்கும் நுனி ஆகாது. சோதனைக்கு ஆள் வருவதற்குள் ஒவ்வொரு நுனியும் பலகையில் ஏதாவது ஒரு துளைக்குள் இருந்தாக வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம். கை தானாகப் போய் அதைக் காலியாக இருந்த துளையில் செருகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்து வீடியோக்காரர், "அண்ணே, நெட் போச்சு" என்று கத்தினார். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றுபோல வெறிபிடித்த மாதிரி துடித்தன. லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே துடிப்பு. மைக்கில், "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டார்கள். அந்தத் தாய்மாமன் நான்தான்.

அக்கா தேடி வந்துவிட்டாள். "பூனைக்குட்டி மாதிரி இங்க பதுங்கிட்டா இருக்க? அத்தானுக்குப் படம் நின்னுட்டுதாம்லே."

'இப்ப சரியாயிரும்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் அதை நம்பிக் காத்திருப்பாள். முகூர்த்தம் காத்திருக்காது.

"எப்ப சரியாகும்னு எனக்குத் தெரியலக்கா. நான் அங்க வயர் இழுத்தவன்தான். இந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல."

அக்கா பட்டுச்சேலை முந்தானையால் என் தலையில் இருந்த ஒட்டடையைத் துடைத்தாள்.

"இத நேத்து சொல்லதுக்கென்ன? சரி, எந்திரி. போன்ல பேச்சு கேக்கும்லா? மேடையில நின்னு நடக்கத நீ சொல்லு. அவரு கேக்கட்டு."

"நானா?"

"பின்ன, நாதஸ்வரக்காரரா?"

நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன், மண்டபமே பார்த்திருக்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

"அத்தான், மாப்ள தாலிய வாங்கிட்டாரு."

"மகா என்ன செய்யா?"

"தலையக் குனிஞ்சு இருக்கா. சிவப்புச் சேல. அக்கா பின்னால நிக்கா."

"அழுகாளா?"

"அவ அழல. மாப்ளதான் முடிச்சு போடத் தெரியாம முழிக்காரு. ஒரு முடிச்சு போட்டாச்சு அத்தான்."

மேளம் ஏறியது, பெண்கள் குரவையிட்டார்கள். அதற்கு மேல் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் எனக்குக் கேட்டது.

சடங்கு முடிந்ததும் படிக்கட்டுக்கு அடியில் போய் எல்லா வயரையும் பிடுங்கினேன். இப்போது பயப்பட ஒன்றுமில்லை. தெரியாது என்று சொல்லியாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினேன். ஒரு வயரில் மட்டும் விளக்குகள் மறுபடியும் துடித்தன. வயர் எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போவது எனக்குத் தெரிந்த வேலை. சுருளைச் சுற்றி அது அதே பெட்டிக்குத் திரும்பி வந்தது. முந்தின நாளே ஒரு நுனியைச் செருகியிருந்தேன், காலையில் மறு நுனியையும். இரண்டும் ஒரே சுவிட்சில். உள்ளே போன செய்தி வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி எல்லோருடைய வழியையும் அடைத்திருக்கிறது. லூப் என்று அந்தக் கட்டம் கேட்டது இதைத்தான். அந்த வயரின் ஒரு நுனியை உருவித் தொங்கவிட்டேன்.

மாடிக்குப் போனேன். டிவிக்கான வயரைக் கேமராவில் மாட்டி வீடியோக்காரர் முதல் பந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அத்தான் கூப்பிட்டார்.

"படம் வந்துட்டுலே. பிரதமன் பாயாசத்துல பழம் பிசையதெல்லாம் தெரியுது."

"சரி அத்தான், அப்ப வைக்கேன்."

"வைக்காத. மகா யாருகூட இருந்து சாப்பிடுகா? சொல்லு."

"படத்துல தெரியுதுல்லா?"

"தெரியுது. நீ சொல்லு."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இலை இலையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.