இத்தாலிக்குப் போன லேப்டாப்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊரின் மாரிக்குப்பத்தில் என் அக்கா வீட்டு லேப்டாப் முதலில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே வேலைக்கு ஆகவில்லை. அன்று சாயங்காலமே கிளம்பி இத்தாலிக்குப் போனது.

இவ்வளவும் நடந்தபோது அது அக்காவின் தையல் மெஷின் மேலேயேதான் இருந்தது.

எதற்கு இந்த உலகப் பயணம்? ஒரு பிரவுசரை வீட்டை விட்டு அனுப்புவதற்கு.

புதுக் கம்ப்யூட்டரை முதல்முறை திறக்கும்போதே உள்ளே ஒரு பிரவுசர் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நாம் கேட்கவில்லை, கூப்பிடவில்லை. அதுவாக எழுந்து வரும். 'இன்றைய செய்தி பாருங்கள்' என்னும். 'என்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்னும். வேறொரு பிரவுசரை இறக்கப் போனால், 'நான் இருக்கும்போது அது எதற்கு?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். நம்மில் பலர் அதைச் சகித்துக்கொண்டு வாழ்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன் — அது என் அக்கா செல்வியின் வேலையில் கை வைக்கும் வரை.

அக்கா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாதிரி அவளும் விடியாத ரயிலில் போய் இருட்டின ரயிலில் திரும்புகிறவள். அவள் கிளம்பும்போது மகள் மைத்ரி தூங்குவாள். திரும்பும்போதும் தூங்குவாள். நாலாவது படிக்கும் குழந்தை முழித்திருக்கும்போது எப்படிப் பேசும் என்பது அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே தெரியும்.

அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. மெத்தை விற்கும் ஒரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேச ஆட்கள் வேண்டும். டிகிரி தேவையில்லை. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் சரளமாக வர வேண்டும்.

எங்கள் ஊரில் மூன்று பாஷை பேசுவதை யாரும் படிப்பு என்று சொன்னதில்லை. மூக்குத்தி மாதிரி அது ஒரு சாதாரண விஷயம். காய்கறி வாங்க ஒன்று, பஸ் கண்டக்டரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மூன்றையும் கலந்து பேசினால் திட்டுதான் விழும். அதற்குச் சம்பளம் தருவதாக ஒருவன் சொன்னதும் அக்காவால் நம்பவே முடியவில்லை. "இத்துக்கெல்லாமாடா வேல குடுப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

குடுப்பார்கள். ஆனால் தேர்வு உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் வாடிக்கையாளர் மாதிரிக் கூப்பிட்டுச் சண்டை போடுவார். பதில் சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை — தேர்வு நடக்கும்போது திரையில் வேறு எதுவும் திறக்கக் கூடாது. திறந்தால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள்.

அக்கா 'நமஸ்காரா' சொல்லி முடித்தாள். லேப்டாப்போடு கூடவே வந்த அந்தப் பிரவுசர் தானாக எழுந்து, ஒரு நடிகையின் கல்யாணப் புடவையைத் திரை முழுக்க விரித்தது. தேர்வு மூடிக்கொண்டது.

"நான் ஒண்ணும் தொடலடா. கை ரெண்டும் மடியில கீது. அதுவா வந்துச்சு" என்று போனில் சொன்னாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

ஆனால் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்தாள். எடுத்த பெண் சித்தூர்ப் பக்கம் என்று குரலிலேயே கண்டுபிடித்துத் தெலுங்குக்கு மாறினாள். அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிவிட்டாள். அதுவும் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரி வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஃபேன் சுற்றவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன்: "பிரவுசர்தானே? எடுத்துடலாம்க்கா. இன்னா பெரிய விஷயம்?"

பெரிய விஷயம்தான்.

திரையின் கீழே வரிசையில் இருந்த அதன் படத்தை நீக்கினேன். படம் மட்டும் போனது, ஆள் உள்ளேயே இருந்தது. செட்டிங்ஸுக்குள் போனேன். மற்ற எல்லா சாஃப்ட்வேருக்கும் பக்கத்தில் 'அன்இன்ஸ்டால்' பட்டன் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த ஏதேதோ கட்டளைகளை டைப் அடித்தேன். போய்விட்டது. அன்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல் 'வணக்கம்' சொன்னது.

பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் என்னோடு நின்றுகொண்டே வரும் நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் அவர் சாவகாசமாகச் சொன்னார்: "ஐரோப்பால சட்டம் போட்டு அந்தப் பட்டன வாங்கிட்டாங்க. மொத்தமா ரீசெட் பண்ணி, எந்த நாடுன்னு கேக்கும்போது அங்க இருக்கற நாட்ட குடுத்துப் பாரு. பட்டன் வரும்."

எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. அதே மெஷின். அதே பிரவுசர். அங்கே இருப்பவன் 'வேண்டாம்' என்றால் பட்டன் தருகிறார்கள். என் அக்கா 'வேண்டாம்' என்றால் புடவையை விரிக்கிறார்கள். இது என்ன நியாயம்?

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றினேன். ரீசெட் கொடுத்தேன். நாடுகளின் பட்டியல் வந்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் மச்சான், அக்காவின் கணவர், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு யோசிக்கற? இங்கிலாந்து போடு" என்றார்.

"ஏன் மச்சான்?"

"நம்ம ஊருக்கே மினி இங்கிலாந்துன்னுதான பேரு. அத்த வுட்டுட்டு வேற எவனையோ போட்டா நல்லாவா இருக்கும்?"

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கே.ஜி.எஃப்.காரன் எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் போடுவான். வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களா, கிளப், குளிர் — எல்லாவற்றையும் பார்த்து யாரோ வைத்த பெயர். சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் வரை அந்த இங்கிலாந்து வந்து சேரவில்லை என்பது வேறு கதை. இருந்தாலும் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நாங்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்வோம். நானும் யோசிக்காமல் இங்கிலாந்தைப் போட்டேன்.

சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் எல்லாம் தயார். செட்டிங்ஸைத் திறந்தேன். பட்டன் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டணியிலிருந்து இங்கிலாந்து விலகி வருஷக்கணக்கில் ஆகிறது. பேப்பரில் படித்தவன்தான் நான். விளக்கிச் சொன்னேன்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லா கீதுடா. பட்டன் அவனுக்கே கெடைக்கல. அவன் பேர சொல்லிக்கினு நாம போயி நிக்கறோம்."

மச்சான் சத்தமில்லாமல் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுபடி ரீசெட். மறுபடி பட்டியல். இந்த முறை அக்காவே பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "இத்தாலி கூட்டணில கீதா, அவனும் ஓடிட்டானா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்ப அதான். அந்தக் காலத்துல இத்தாலிக்காரங்களும் நம்ம மைன்ஸுல வேல பாத்துக்கறாங்களாம். ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல."

இத்தாலி என்று கொடுத்தோம். வாசலில் வெயில் இறங்கியபோது லேப்டாப் எழுந்தது. செட்டிங்ஸைத் திறந்தேன்.

பட்டன் இருந்தது.

அது ஒரு சின்னச் சாம்பல் நிறக் கட்டம்தான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் விம்மியது, பொய் சொல்ல மாட்டேன். அவசரப்படாமல் முதலில் வேறொரு பிரவுசரை இறக்கினேன். அது இல்லாமல் இதைத் துரத்தினால் இணையத்துக்குள் போக வாசலே இருக்காது. பிறகு மவுஸைப் பட்டன் மேல் கொண்டுபோனேன்.

"நவுரு. நான் அமுக்கறேன்" என்றாள் அக்கா.

நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்றாள். போயே போனது.

ஞாயிறு காலை. தேர்வுக்குச் சற்று முன்னால் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேர்வுப் பக்கத்துக்குள் நுழைந்தாள். 'உங்கள் நேரம் இன்னும் வரவில்லை' என்றது திரை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நெருங்குகிறது. லேப்டாப்பில் இன்னும் விடியற்காலை. நாடு இத்தாலியானதும் மணியும் இத்தாலிக்கு மாறிவிட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"டேய்" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையில் ஏழு தலைமுறைத் திட்டும் இருந்தது.

அவசரமாக நேரத்தை மட்டும் இந்தியாவுக்குத் திருப்பினேன். நாடு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தேர்வின் கதவு திறந்தது.

நான் சமையலறை வாசலில் நின்று, ஹெட்போனிலிருந்து வெளியே கசிந்த பேச்சைக் கேட்டேன். அழைத்தவர் கன்னடத்தில் கத்தினார் — மெத்தை வாங்கி ஒரு மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. அக்கா கன்னடத்தில் நிதானமாக மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபம் ஏறித் தெலுங்குக்குத் தாவினார். அக்காவும் கூடவே தாவினாள், ஒரு நொடி தடுமாறவில்லை. கடைசியில் அவருடைய மனைவி மாதிரி ஒரு பெண் போனைப் பிடுங்கிக்கொண்டு தமிழில் வந்தார்.

"குழி எந்தப் பக்கம்மா விழுந்துக்குது?" என்றாள் அக்கா.

"நடுவுலதான்."

"நடுவுல யாரும்மா படுக்கறாங்க?"

"அவருதான். நானும் கொழந்தையும் ஓரத்துல."

"அப்ப மொதல்ல மெத்தைய தல கால் மாத்திப் போடுங்க. அவர ஓரத்துல படுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் குழி இருந்தா நாங்க வந்து மெத்தைய மாத்தித் தர்றோம்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தேர்வு வைப்பவர் சிரிப்பது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா? எனக்குத் தெரியவில்லை. திரையில் கடைசி வரை ஒரு செய்தியும் வரவில்லை, ஒரு புடவையும் விரியவில்லை. அது போதும் என்று அப்போதைக்குத் தோன்றியது.

முடிவு செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்தது. பெண்கள் பெட்டியில் நின்றிருந்த அக்காவின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில். ஒயிட்ஃபீல்டில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் போனை நீட்டினாள். படித்தேன். தேர்வாகியிருந்தாள். "திருப்பிப் படி" என்றாள். படித்தேன். "கொஞ்சம் சத்தமாப் படி, இவளுங்க நம்ப மாட்டேன்றாளுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் கார்மென்ட்ஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று உரக்கப் படித்தேன். கல்லூரி மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அது கேட்கப்பட வேண்டும். அதற்குப் பெரிய தத்துவமெல்லாம் தேவையில்லை — பட்டன் அளவு மரியாதை போதும். அது இங்கே இல்லாததால் நாங்கள் இத்தாலி வரை போக வேண்டியிருந்தது. சீக்கிரம் அது மாரிக்குப்பத்துக்கும் வரட்டும்.

போன புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஹெட்போனோடு யாரிடமோ தெலுங்கில் தலையணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மைத்ரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசினாள். அக்கா பேச்சை நிறுத்தாமலே விரலை நீட்டினாள். பை ஆணிக்குப் போனது. மைத்ரி ரிமோட்டை எடுத்தாள். மறுபடி விரல் நீண்டது. ரிமோட் கீழே போனது.

மைத்ரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியமாகச் சொன்னாள்: "மாமா, இந்த அம்மா இப்பல்லாம் எந்நேரமும் வீட்லயே கீது. டிவி போட வுடல, ஆட வுடல. வேலைக்கே போவாதா?"

எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தன் அம்மாவைப் பற்றி இப்படி ஒரு புகார் சொல்வது இதுதான் முதல் முறை.