ராமசுப்பு சார் ஒட்டவைத்த நான்கு கண்ணாடிகள்

நம் பள்ளிக் கட்டடத்தின் தூண்களில் இன்ஜினியர் ராமசுப்பு சார் ஒட்டவைத்த கண்ணாடிகளில் இரண்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது.

போன வியாழக்கிழமை பள்ளிச் செயலாளர் போன் செய்தார். "அண்ணாச்சி, இன்ஜினியர் தவறிட்டாரு." நான் வாய் திறக்கும் முன்பே அடுத்தது வந்தது: "அவரு எழுதுன நோட்டு ஒங்ககிட்டயா இருக்கு?" இழவு சொல்லும்போதே நோட்டைத் தேடுகிறவரை எப்படி நம்புவது?

நான் கொத்தனார். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பள்ளிக்கூடம் கட்டியதுதான் அதிகம். ராமசுப்பு சார் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழு வயது இளையவர். அவர் கட்டடத்தைச் சோதிக்க வந்த முதல் நாளே, விஸ்வநத்தம் பக்கம் ஏதோ பட்டாசு ஆலை வெடித்துத் தரை குலுங்கியது. ஆசிரியர்கள், பிள்ளைகள், நான், எல்லோரும் வராந்தாவுக்கு ஓடி, சன்ஷேடுக்குக் கீழே நின்று, எந்தத் திசையில் புகை என்று பார்த்தோம். நம் ஊர்ப் பழக்கம் அது. அவர் மட்டும் மைதானத்தின் நடுவில் போய் நின்றார்.

"என்ன மேஸ்திரி, புகையைத் தேடுதீகளா? ஒருநா புகையில்லாம ஆடும். அன்னைக்கும் இப்படித்தான் அண்ணாந்து பாத்துட்டு நிப்பீக."

"நம்ம பக்கம் பூகம்பம் ஏது சார்? நமக்கு வெடிதான்."

"அது பூமிக்குத் தெரியுமா?"

கோபம்தான் வந்தது.

கூட்டம் நடத்த இடம் வேண்டுமென்று நிர்வாகம் சொல்ல, கீழ்த்தளத்தின் நடுச்சுவர்களை இடித்தவன் நான். இப்போது மாடி மெலிந்த தூண்களை நம்பி நிற்கிறது. தூண்களின் உச்சியில் விரிசல் கண்ட நான்கு இடங்களில் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டுப் பூச்சு வைத்து என்னை ஒட்டச் சொன்னார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். "எங்கிட்ட வாதாடாதீக, கண்ணாடிகிட்ட கேளுங்க" என்பார்.

இரண்டு உடைந்தன. தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும், இடித்த சுவர்களை எழுப்ப வேண்டும், அதுவரை அங்கே வகுப்பு கூடாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்; கண்ணாடி உடைந்த தேதியோடு எல்லாவற்றையும் தன் நோட்டிலும் குறித்துக்கொண்டார். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் படுத்தார்.

நிர்வாகக் குழு பார்க்க வந்த அன்று நான்கு கண்ணாடியும் முழுசாக இருந்தன! "பாத்தீகளா, விரிசல் தூங்குது" என்று செயலாளர் சிரித்தார். நான் ஏணி போட்டு ஏறினேன். பூச்சைப் பெருவிரலால் அழுத்தி முடிப்பது என் வழக்கம். விரலிலுள்ள வெட்டுத்தழும்பு அதில் கோடாக விழும். இரண்டில் கோடு இருந்தது. மற்ற இரண்டு வழவழவென்று இருந்தன.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். இருமலுக்கு நடுவே சிரித்தார். "ஒங்களைக் கைநாட்டுன்னு கேலி பண்ணுனவுகளுக்கு அந்தக் கைநாட்டே சாட்சியாப் போச்சே!" நோட்டை என் கையில் கொடுத்தார்.

அது என்னிடம்தான் இருக்கிறது. தனியாக யாருக்கும் தரமாட்டேன். கண்ணாடியை மாற்றியது யார் என்று செயலாளர் பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். நோட்டை அங்கேயே வாசிப்பேன். தலைமையாசிரியை திங்கட்கிழமையே பிள்ளைகளைக் கட்டடத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும். நிர்வாகக் குழு வெளியூர் இன்ஜினியரைக் கூட்டிவந்து தூண்களைப் பலப்படுத்த வேண்டும். இடித்த சுவர்களை நான் கூலி வாங்காமல் கட்டித் தர வேண்டும். நீங்கள் எல்லோரும், இனித் தரை ஆடினால், புகையைத் தேடாமல் பிள்ளைகளோடு மைதானத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும்.